மணிக்கணக்கும் சதவீதக் கணக்கும்

கொங்குப் பக்கம் மண் தோண்டும் செயின் வண்டிக்கு ஹிட்டாச்சி என்றுதான் பெயர், எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும். முந்தைய தலைமுறை அதையே பொக்லைன் என்றது. அதுவும் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர்தான். நான்கு டயரோடு முன்னால் ஒரு பக்கெட், பின்னால் ஒரு பக்கெட் என்று வந்தால் அது ஜேசிபி. இவற்றை வைத்திருப்பவர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள். கேபினுக்குள் ஓடும் ஹவர் மீட்டர்தான் அவர்களுடைய கல்லாப்பெட்டி. அப்படி ஒருவரின் பட்டறையில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தேன். பிறகு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பதினோரு வருடம். அங்கேயும் வண்டிக்கு வண்டி ஹவர் மீட்டர் உண்டு. ஆனால் மேலிடத்தின் கண் மாதக் கடைசியில் வரும் ஒரு சதவீதத்தின் மேல்தான் இருக்கும். மாதத்தின் மொத்த மணி நேரத்தில் வண்டி எவ்வளவு நேரம் ஓட்டத்துக்குத் தயாராக இருந்தது என்கிற கணக்கு அது. அவைலபிலிட்டி என்பார்கள்.

இந்த இரண்டு கணக்கையும் புரிந்துகொள்ளாமல் மேலிடத்தோடு மல்லுக்கட்டியே என் வேலைக்காலத்தில் பாதி போய்விட்டது. மெக்கானிக்குகள் நான்கு பேர் டீக்கடையில் கூடினால் "எங்க ஓனர் சரியில்ல", "எங்க மேனேஜர் சரியில்ல" என்ற பேச்சு வராமல் இருக்காது. ஆள் சரியில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே மாதிரி சரியில்லாதவர்கள் அல்ல. ஓனரிடம் எடுபடுகிற பேச்சு மேனேஜரிடம் வேலைக்கே உலை வைக்கும். மேனேஜரிடம் நம்மைக் காப்பாற்றுகிற காகிதத்தை ஓனர் முன்னால் நீட்டினால், தன்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்.

முதலில் ஓனர். இருபது டன் ஹிட்டாச்சி ஒன்று அரைக் கோடி ரூபாய்க்கு மேல். பெரும்பாலும் கடனில் வாங்குவதுதான். மழை பெய்து வேலை நின்றாலும், பம்ப் போய் வண்டி நின்றாலும் தவணைத் தேதி நிற்பதில்லை. எங்கள் ஓனர் தாமே ஆபரேட்டராக இருந்து ஒரு வண்டி வாங்கி, அதை நான்காக்கியவர். வண்டி நின்றால் கத்துவார். கெட்ட வார்த்தை வரும். அதையெல்லாம் திமிர் என்றே நான் பல வருடம் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல், கல்குவாரிக்குள் பூம் சிலிண்டருக்கு சீல் மாற்றிக்கொண்டிருந்தபோது, அவரே டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "ஏப்பா, நாளைக்கு அஞ்சாந்தேதியாச்சே" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. டார்ச் வெளிச்சம் லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் கத்தியது பயம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பயந்தவர் கேட்பதெல்லாம் ஆபத்தாகத்தான் இருக்கும். பழைய சீலையே துடைத்துத் திருப்பிப் போடு என்பார். நிற்கிற வண்டியிலிருந்து கழற்றி ஓடுகிற வண்டியில் மாட்டச் சொல்வார். ராக் பிரேக்கர் மாட்டி ஓட்டினால் ஹைட்ராலிக் எண்ணெயும் ஃபில்டரும் சாதாரண வேலையைவிட மிகச் சீக்கிரம் கெடும். அதற்கான மணிக் கணக்கு தனி. எங்கள் பட்டறையில் அதை ஒரு வருடம்கூட சரியாகப் பின்பற்றவிடவில்லை. இவற்றில் நான் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. "வண்டி இழுக்கல, பிரஷர ஏத்தி வுடு" என்பது. ரிலீஃப் வால்வு என்பது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் எல்லை மீறாமல் திருப்பிவிடுகிற காவல்காரன். பெரும்பாலும் பம்ப் தேய்ந்துதான் வண்டி இழுக்காமல் போகிறது. காவல்காரனை நகர்த்தி வைத்தால் தேய்ந்த பம்ப் குணமாகாது. ஓஸும் சீலும்தான் ஒவ்வொன்றாக வெடிக்கும். வெடிக்கிற நேரத்தில் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள் பாடு.

மேனேஜர் இப்படி எதையும் வாயால் கேட்கமாட்டார். அவர் கேட்பது கையெழுத்து. சுரங்கத்துக்குப் போன முதல் வாரம் எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. யாரும் கத்துவதில்லை, எல்லாரும் "வாங்க போங்க" என்கிறார்கள், ஹெல்மெட், ஷூ எல்லாம் தருகிறார்கள். இருபத்தெட்டாம் தேதி வந்தபோதுதான் புரிய ஆரம்பித்தது. முப்பது நாள் மாதத்துக்கு 720 மணி நேரம். அதில் 72 மணி நேரம் ஒரு டம்பர் நின்றால் அதன் அவைலபிலிட்டி 90 சதவீதம். மாதக் கடைசியில் 36 மணி நேரம் பிடிக்கிற வேலை ஒன்று வருகிறது என்று வையுங்கள். அதை அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குத் தள்ளினால் இந்த மாதக் கணக்கில் 5 சதவீதம் மிஞ்சும். காகிதத்தில் அது வெறும் எண். குழிக்குள் அந்த இரண்டு மூன்று நாளும் அந்த டம்பர் முப்பத்தைந்து டன் கல்லைச் சுமந்துகொண்டு ஓடும்.

தள்ளிவைக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடுவதில்லை. "ஒண்ணாந்தேதி எடுத்துக்கலாமே, இன்னைக்கு செக்லிஸ்ட்ட முடிச்சிருங்க" என்பார்கள். முடிப்பது என்றால் டிக் போடுவது. கேட்கிறவரும் கெட்டவர் இல்லை; அவருக்கு மேல் ஒருவர், அவருக்கு மேல் ஒரு மாதாந்தர மீட்டிங். எங்கள் ஓனரின் பயத்தை டார்ச் வெளிச்சத்தில் நேரில் பார்த்தேன். சுரங்கத்தில் அந்தப் பயம் மூன்று மாடி ஏறி இறங்கி வருகிறது. யாருடைய பயம் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

ஓனரின் பட்டறையில் நடந்த ஒன்றை எழுதாமல் என்னால் மேலே போக முடியாது. 2009 மழைக்காலம். ஹெல்பர் பையனுக்குப் பத்தொன்பது வயது. ஆர்ம் பக்கம் ஓஸில் எங்கோ எண்ணெய் கசிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. போனில் ஓனர், "இன்னும் எவ்வளவு நேரம்" என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார். பையன் ஓஸ் நெடுகக் கையை ஓட்டிப் பார்த்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் பார்த்துப் பழகியவன். ஊசிமுனைத் துளையிலிருந்து வந்த எண்ணெய் அவன் இடது கை ஆட்காட்டி விரலில் ஏறியது. ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. "எறும்பு கடிச்சாப்ல இருக்குது, மஞ்ச வெச்சு வுடுங்க" என்றார் ஓனர். நானும் சரி என்றுதான் நினைத்தேன்.

ஹிட்டாச்சியின் ஹைட்ராலிக் எண்ணெய் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 350 கிலோ அழுத்தத்தில் வேலை செய்கிறது. லாரி டயருக்குள் இருக்கும் காற்றைப்போல நாற்பது மடங்குக்கு மேல். அந்த அழுத்தத்தில் நூலாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பரவி, சதையை அழுகச் செய்யும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து உள்ளே போன எண்ணெயை எடுத்தால்தான் விரல் பிழைக்கும். கசிவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும். அட்டைப் பெட்டிக்கா பஞ்சம், ஸ்பேர் வந்த பெட்டிகள் பட்டறை முழுக்கக் கிடந்தன. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கை முழங்கைவரை வீங்கியிருந்தது. விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவை ஓனர்தான் கட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும். கட்டிவிட்டு என் முன்னாலேயே அழுதார். ஆனால் 1923இலேயே வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அன்று நடப்பில் இருந்தது. ஆட்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீத இழப்பு என்று அதன் அட்டவணையிலேயே போட்டிருந்தது. பையனுக்கு அதில் ஒரு ரூபாய் வரவில்லை. அவன் அந்தப் பட்டறையில் வேலை செய்தான் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. வருகைப் பதிவேடு இல்லை, சனிக்கிழமை சாயந்திரம் கையில் சம்பளம். சாட்சி சொல்ல நான் இருந்தேன். நான் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை.

அதன் பிறகுதான் ஓனரிடம் மறுத்துப் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். முதலில் தெரிந்துகொண்டது, வண்டியை வாடகைக்கு எடுத்த பார்ட்டி முன்னாலும் ஆபரேட்டர் முன்னாலும் அவரை மறுக்கக் கூடாது. அங்கே அவர் தோற்கமுடியாது, அதனால் ஜெயிப்பதற்காகவே வண்டியை ஓட்டச் சொல்வார். தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்ண்ணா, ஒரு நிமிசம்" என்று ஆரம்பிக்க வேண்டும். அடுத்து, ஆபத்து என்ற சொல்லை அவரிடம் எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறாது. மணியில் சொன்னால் ஏறும். "இந்த ஓஸ மாத்த மூணு மணி நேரம். இதுக்குள்ள இருந்து தூள் போயி பம்ப் போச்சுன்னா பதினஞ்சு நாள். எதுங்ண்ணா வேணும்?" எண்ணெய் ஃபில்டரைக் குறுக்கே வெட்டி, காகித மடிப்பில் மினுங்கும் இரும்புத் தூளை உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவேன். கண்ணால் பார்த்ததை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. பட்டறையில் இருக்கிற பெரிய சௌகரியம் இதுதான். முடிவெடுப்பவர் நம் எதிரில் நிற்கிறார். சாயந்திரம் சொன்னால் சாயந்திரமே வண்டி நிற்கும். அதன் பிறகு நான் அங்கே இருந்த நான்கு வருடத்தில் ரிலீஃப் வால்வைத் தொடச் சொல்லி அவர் ஒருமுறையும் கேட்கவில்லை.

இதே தைரியத்தோடு சுரங்கத்தில் பேசப் போய் நான் பட்டது வேறு. இஞ்சினியர் அறையில் தனியாக உட்கார்ந்து, "சார், அந்த டம்பர் பிரேக் நல்லால்ல" என்று பக்குவமாகச் சொன்னேன். "பாக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே நடக்காத மாதிரி ஆகிவிட்டது. ஷிஃப்ட் லாக் புக்கில் "பிரேக் சரியில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஒன்பது நாள் கழித்து ஏற்றத்தில் அந்த டம்பர் பின்னால் உருண்டு ஓரத்து மண்கரையில் மோதி நின்றது. டிரைவர் குதித்ததில் கால் பிசகியதோடு தப்பினார். விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "சரியில்லன்னா என்ன? எந்த பிரேக்? எவ்வளவு?" என்னிடம் பதில் இல்லை. மூன்று நாள் சம்பளம் போனது. தண்டனை எனக்கு அநியாயமாகப் பட்டது. கேள்வி நியாயமானது.

அடுத்த முறை இப்படி எழுதினேன்: ஹவர் மீட்டர் எண், நேரம் 5.40, பார்க்கிங் பிரேக் போட்டு ஏற்றத்தில் நிறுத்திப் பார்த்ததில் இரண்டு முறையும் வண்டி நகர்ந்தது, பார்த்தவர்கள் இன்னார் இன்னார், சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது. இஞ்சினியர் கூப்பிட்டார். "கடைசி வரிய மட்டும் எடுத்துருங்களேன்" என்றார். "நீங்களே அடிச்சுட்டு கையெழுத்துப் போட்டுருங்க சார்" என்றேன், மரியாதையாகத்தான். அவர் பேனாவை எடுக்கவில்லை. சுரங்கத்தில் அந்தப் புத்தகத்துக்கு ஒரு கனம் உண்டு. அன்று நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டப்படி அரசின் சுரங்க ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பதிவேடுகளைக் கேட்க முடிந்தது. ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. அன்று ராத்திரி அந்த டம்பர் குழிக்குள் இறங்கவில்லை.

ஆனால் இதில் ஒரு கசப்பும் உண்டு. பட்டறையில் பேச்சால் நிறுத்திய வண்டிக்குப் பிறகு ஓனரும் நானும் சேர்ந்து டீ குடித்தோம். சுரங்கத்தில் காகிதத்தால் நிறுத்திய வண்டிக்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு நைட் ஷிஃப்ட் மேல் நைட் ஷிஃப்ட் விழுந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை. காகிதம் என் வேலையைக் காப்பாற்றியது, என் தூக்கத்தைக் காப்பாற்றவில்லை. பொறுக்க முடியாதவர் யார் என்று கேட்டால் ஓனர் என்பேன். ஒன்பது வருடம் அவரிடம் வாங்கிய வசவு இப்போதும் காதில் இருக்கிறது. மாற்ற முடியாதவர் யார் என்று கேட்டால் மேனேஜர் என்பேன், ஏனென்றால் மாற்ற வேண்டியது அவரை இல்லை, அவர் தலைக்கு மேல் இருக்கும் அந்தச் சதவீதத்தை. பராமரிப்புக்காக நிறுத்திய நேரத்தையும் பழுதாகி நின்ற நேரத்தையும் ஒரே பையில் போட்டுக் கழிக்கும்வரை, நல்லவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் இருபத்தெட்டாம் தேதி அவரும் அதைத்தான் கேட்பார்.

சுரங்கத்தில் நான் கண்ட இன்னொரு நல்ல பழக்கம் பூட்டு. வண்டிக்கு அடியில் போகிறவர் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் வெளியே வந்து திறக்கும்வரை மேனேஜரே நினைத்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வாதமே தேவையில்லாத மறுப்பு அது. பட்டறைக் காலத்தில் இது தெரியாமல் போனதே என்று இப்போதும் வருத்தம் உண்டு. வேண்டியது ஒரு சாதாரணப் பூட்டும் சாவியும்தான்.

இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு கூட்டம் உண்டு. எங்கள் சுரங்கத்தில் ரிப்பேர் வேலையில் பாதிப்பேர் ஒப்பந்ததாரரின் ஆட்கள். நான் செய்த அதே வேலை, அதே டம்பர், அதே எண்ணெய். லாக் புக்கில் எழுத அவர்களுக்கு அனுமதி இல்லை. "நீ எழுதவேணாம், எங்கிட்ட சொல்லு" என்பார் ஒப்பந்ததாரரின் சூபர்வைசர். அதோடு அந்தச் சொல் காற்றில் போய்விடும். ஓனரிடம் இருந்த நேர்முகமும் அவர்களுக்கு இல்லை, கம்பெனி ஆளுக்கு இருந்த காகிதமும் இல்லை. நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் சுரங்கத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் சொல்லின. எங்களிடமும் ஒன்று இருந்தது. நான் இருந்த காலத்தில் அதில் ஒப்பந்த மெக்கானிக் ஒருவர்கூட உட்காரவில்லை. மேலாளருக்குத் தெரிய அங்கே வேலை செய்கிற எவரும் சுரங்கத் தொழிலாளிதான் என்று அன்றைய சுரங்கச் சட்டம் சொன்னது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை, எனக்கே பத்தாவது வருடம்தான் தெரிந்தது. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் முதலாளியிடமும் அதே நேரத்தில் ஆய்வாளரிடமும் சொல்ல ஊழியருக்கு உரிமை உண்டு என்று 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் சொல்கிறது. சொல்லலாம்தான். சொன்ன மறுநாள் கேட் பாஸ் செல்லுபடியாகுமா என்பதுதான் அந்த ஆட்களின் கேள்வி, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இப்போது நான் சொந்தமாக வண்டி வேலை எடுத்துச் செய்கிறேன், பெரும்பாலும் மணி வாடகைப் பட்டறைகளில். ஓனர்களிடம் பழைய மாதிரியே தனியாக, மணிக்கணக்கில்தான் பேசுகிறேன். பேசி முடித்த பிறகு அதையே வாட்ஸ்அப்பில் ஒரு படத்தோடு அனுப்பிவிடுகிறேன்: "அண்ணா, நீங்க பாத்த அந்த ஓஸ், இன்னைக்கு மீட்டர் இவ்வளவு, மாத்தாம ஓட்டக்கூடாதுன்னு பேசினோம்." யாரும் கோபித்துக்கொண்டதில்லை. முன்னாலேயே முகம் பார்த்துப் பேசிவிட்டதால் அது புகாராகத் தெரிவதில்லை, ஞாபகக் குறிப்பாகத் தெரிகிறது. சுரங்கத்தில் இருக்கும் பழைய நண்பர்களுக்கு இதைத் திருப்பிச் சொல்கிறேன்: லாக் புக்கில் எழுதுவதற்கு முன்னால் இஞ்சினியரை வண்டிக்கு அழைத்துப்போய் தேய்ந்த பிரேக் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள். இருவருக்கு அது பலித்திருக்கிறது. ஒருவருக்குப் பலிக்கவில்லை.

மெக்கானிக் தம்பிகளே, எந்தப் பட்டறையில் இருந்தாலும், யாருக்குக் கீழே இருந்தாலும், சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரி கை கழுவியதும் தேதியைப் போட்டு, ஹவர் மீட்டர் எண், பார்த்த கோளாறு, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று நான்கு வரி எழுதுங்கள். கூட வேலை செய்த ஹெல்பரின் பெயரையும் எழுதுங்கள்.